செம்பனை ஆலையிலிருந்து பி.ஆர். வரை: கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனை ஆலையில் என் மைத்துனர் 11 வருடம் ஃபிட்டர் வேலை பார்த்தார். டைஜஸ்டர் இயந்திரம் நின்றுபோனால் நடுராத்திரியிலும் அவரைத்தான் எழுப்பி அழைத்துப் போவார்கள். ஆஸ்திரேலியாவில் பி.ஆர். (நிரந்தர வசிப்பிட உரிமை) கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று இருவரும் உட்கார்ந்து கோப்பைத் திரட்டினோம். அந்த 11 வருடத்தில் தாளில் காட்ட முடிந்தது 4 வருடம்தான். மற்ற 7 வருடமும் குத்தகைக்காரரிடம் கைக்காசு வாங்கிய காலம். இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) கட்டவில்லை, சம்பளச் சீட்டு கொடுக்கவில்லை, அந்தக் குத்தகைக்காரர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்றும் தெரியவில்லை. தொழில் அவர் கையில் இருந்தது, அதற்குச் சாட்சிதான் இல்லை.

அன்றிலிருந்து ஊரில் யார் வந்து கேட்டாலும் நான் முதலில் கேட்பது, "தம்பி, உன்னிடம் என்னென்ன தாள் இருக்கிறது?" என்பதுதான். எந்த நாடு, எந்த விசா என்பதெல்லாம் அப்புறம். வெல்டர், ஃபிட்டர், மின்பணியாளர், மெக்கானிக், தாதியர் ஆகியோரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பட்டதாரிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

பி.ஆர். வாங்கினால் என்ன மாறும்

பி.ஆர். என்பது நிரந்தரமாகத் தங்கி வேலை செய்யும் உரிமை. அது குடியுரிமை ஆகாது. இந்த வேறுபாடு நமக்கு மிக முக்கியம், ஏனென்றால் மலேசியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. வேறு நாட்டின் குடியுரிமையை எடுத்தால் அரசியலமைப்பின் 24ஆவது பிரிவின்படி நம் குடியுரிமையைப் பறிக்கலாம். பி.ஆர். மட்டும் வைத்திருந்தால் அந்தச் சிக்கல் இல்லை. நீல ஐ.சி. (குடிமக்களின் அடையாள அட்டை), கடப்பிதழ், ஓட்டு எல்லாம் நம்மிடமே இருக்கும்.

இ.பி.எஃப். பற்றிப் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். 'நாட்டை விட்டுப் போவோர்' பிரிவில் முழுப் பணத்தையும் எடுக்க, மலேசியக் குடியுரிமையைத் துறந்திருக்க வேண்டும். பி.ஆர். கிடைத்துவிட்டது என்று மட்டும் சொல்லி எடுக்க முடியாது. பயணச் செலவுக்கு அந்தப் பணத்தை நம்பியிருந்தால் இப்போதே வேறு வழி பாருங்கள்.

முதல் படி: பெயரைச் சரிசெய்வது

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது தனித் தலைவலி. பிறப்புப் பத்திரத்தைத் தோட்டத்து எழுத்தரான கிராணியோ ஆஸ்பத்திரி ஊழியரோ காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். பள்ளிக்கூடத்தில் வேறு எழுத்து, எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) சான்றிதழில் இன்னொரு எழுத்து. அப்பா பெயரில் ஒரு எழுத்து கூடினாலும் அயல்நாட்டு அதிகாரி அதை வேறோர் ஆளாகத்தான் பார்ப்பார்.

பிறப்புப் பத்திரம், ஐ.சி., கடப்பிதழ், எஸ்.பி.எம்., தொழிற்சான்றிதழ், திருமணப் பதிவு எல்லாவற்றையும் மேசையில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பதிவில் பிழை இருந்தால் தேசியப் பதிவுத் துறைக்குப் போய்த் திருத்துங்கள். திருத்த முடியாத பழைய சான்றிதழ்களுக்கு, இரண்டு பெயரும் ஒரே ஆளுக்குரியவை என்று சத்தியப்பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம் தயார்செய்யுங்கள்.

இன்னொன்று, நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. மலேசியக் கடப்பிதழில் பெயர் ஒரே வரியில், 'ஏ/எல்', 'ஏ/பி' என்று தகப்பன் பெயரோடு வரும். அயல்நாட்டுப் படிவமோ குடும்பப் பெயரைத் தனியாகக் கேட்கும். அந்தந்த நாடு ஒற்றைப் பெயரை எப்படி எழுதச் சொல்கிறது என்று அதன் குறிப்பில் படித்துவிட்டு எழுதுங்கள். ஆங்கிலத் தேர்வுக்குப் பதியும்போதும் கடப்பிதழில் உள்ளபடியே எழுதுங்கள். தேர்வுத் தாளில் ஒரு பெயர், விசா படிவத்தில் வேறு பெயர் என்றால் வீணாக மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

நீல ஐ.சி. இல்லாத குடும்பங்களும் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்கு இந்தப் பயணம் குடியுரிமை விண்ணப்பத்திலிருந்தே தொடங்குகிறது. மலேசியக் கடப்பிதழ் கிடைக்காமல் கீழே உள்ள எதுவும் நகராது.

இரண்டாம் படி: அனுபவத்துக்குச் சாட்சி சேர்ப்பது

இந்தப் படிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அயல்நாட்டு மதிப்பீட்டாளர் நம் ஆலையைப் பார்த்ததில்லை. அவர் தாள்களைத்தான் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பார். முதலாளியின் கடிதத்தில் 2016 முதல் வேலை என்று இருந்தால், இ.பி.எஃப். கணக்கிலும் 2016இலிருந்து அதே முதலாளியின் பெயர் வர வேண்டும். சம்பளச் சீட்டில் உள்ள தொகை வங்கிக் கணக்கில் விழுந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வருடத்துக்கும் முதலாளி கொடுக்கும் இ.ஏ. என்ற வருமானப் படிவத்திலும் அது ஒத்துப்போக வேண்டும். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பதிவும் துணைச் சாட்சிதான்.

இ.பி.எஃப். கைப்பேசிச் செயலியில் ஒவ்வொரு வருட அறிக்கையையும் இறக்கிச் சேமித்து வையுங்கள். முதலாளி கட்டாமல் விட்டிருந்தால் அது சட்டப்படி குற்றம். வேலையில் இருக்கும்போதே இ.பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுங்கள். பத்து வருடம் கழித்து, மூடிப்போன கம்பெனியைத் தேடி அலைவது பெரும்பாடு.

அடுத்தது வேலை அனுபவக் கடிதம். "இவர் எங்களிடம் ஃபிட்டராக இருந்தார், நல்ல உழைப்பாளி" என்று இரண்டு வரியில் கொடுப்பார்கள். அது போதாது. கம்பெனி முகவரித் தாளில், வேலைக்குச் சேர்ந்த தேதி, விட்ட தேதி, பதவி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், செய்த வேலைகள், கையெழுத்திடுபவரின் பெயர், பதவி, தொடர்பு எண் எல்லாம் இருக்க வேண்டும். செய்த வேலைகளைத் துல்லியமாகச் சொல்லச் சொல்லுங்கள். ஸ்க்ரூ பிரெஸ்ஸின் தேய்ந்த புழுத்தண்டை மாற்றியது, ஸ்டெரிலைசர் கதவின் கசிவைச் சரிசெய்தது, கன்வேயர் சங்கிலியையும் பேரிங்கையும் பொருத்தியது, வரைபடம் பார்த்து அளவெடுத்தது என்று இருந்தால்தான் இவர் ஃபிட்டர் என்று எங்கோ இருக்கும் ஒருவருக்குப் புரியும். வேலையை விட்டு விலகும் நாளிலேயே இந்தக் கடிதத்தை வாங்கிவிடுங்கள். மேனேஜர் மாறிப்போனால் உங்களைத் தெரிந்தவர் யாரும் அங்கே இருக்க மாட்டார்கள்.

வேலை செய்யும் படங்களையும் எடுத்து வையுங்கள். முகம் தெரிய, கருவியும் வேலையும் தெரிய, தேதியோடு. கைத்தொழில் மதிப்பீட்டில் இவை உதவும்.

மூன்றாம் படி: தொழிலுக்குச் சான்றிதழ்

அண்ணனிடமோ மாமாவிடமோ நின்று தொழில் கற்றவர்களே நம்மில் அதிகம். அதற்கு மதிப்பு உண்டு, ஆனால் தாள் இல்லாவிட்டால், வயது, தொழில், ஆங்கிலம், அனுபவம் என்று ஒவ்வொன்றுக்கும் அந்த நாடுகள் போடும் புள்ளி கிடைக்காது. மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். இதற்காகவே இருக்கிறது. வகுப்புக்குப் போகாமல், செய்த வேலையின் ஆதாரங்களைக் கோப்பாகக் கொடுத்து, முன்அனுபவத்தை அங்கீகரிக்கும் 'பி.பி.தி.' முறையிலும் அதைப் பெறலாம். திறன் மேம்பாட்டுத் துறை அங்கீகரித்த மையங்களில் விசாரியுங்கள். எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளாக இருந்தால் ஈப்போவிலுள்ள ஐ.எல்.பி. போன்ற அரசாங்கப் பயிற்சி நிலையங்களுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். செலவு குறைவு, தாளும் சுத்தமாக இருக்கும்.

மின்பணியாளர் சார்ஜ்மேன் தகுதிச் சான்றிதழ் வைத்திருந்தால் நல்லது. ஆனால் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மின்வேலைக்கு அந்த ஊர் உரிமம் தனியாக வேண்டும். விசா கிடைத்த மறுநாளே வயரைத் தொட முடியாது. அதற்கான காலத்தையும் பணத்தையும் கணக்கில் சேருங்கள். தாதியருக்கும் அப்படித்தான், முதலில் அந்த நாட்டுத் தாதியர் வாரியத்தில் பதிவு, அப்புறம்தான் மற்றது.

நான்காம் படி: ஆங்கிலம்

மலேசியக் கடப்பிதழ்காரர்களுக்கு ஆங்கிலத் தேர்வில் விலக்கு இல்லை. தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய் இடைநிலைப்பள்ளி என்று வந்தவர்களுக்கு இதுதான் பயம். பயப்படத் தேவையில்லை, ஆனால் நேரம் கொடுக்க வேண்டும். வேலைக்குப் போகும் பெரும்பாலானவர்களுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். பொதுப் பயிற்சித் தேர்வு போதும். தாதியர் பதிவுக்குத்தான் அகாடமிக் தேர்வோ ஓ.இ.டி. தேர்வோ வேண்டும்.

ஆஸ்திரேலியப் புள்ளி முறையில் நான்கு பகுதியிலும் 6 வாங்கினால் தகுதி மட்டும்தான், புள்ளி 0. நான்கிலும் 7 என்றால் 10 புள்ளி, 8 என்றால் 20 புள்ளி. பேசுவதும் கேட்பதும் நம் ஆட்களுக்குச் சீக்கிரம் வந்துவிடுகிறது. எழுத்துத்தான் இழுக்கும். தினமும் ஒரு கடிதம், ஒரு கட்டுரை என்று ஆறு மாதம் எழுதி, தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் திருத்தி வாங்குங்கள். கனடாவுக்கு முடிவு 2 வருடமும் ஆஸ்திரேலியாவுக்கு 3 வருடமும் செல்லும். அதனால் தாள்கள் தயாராகும் முன்பே அவசரப்பட்டுத் தேர்வு எழுதிவிட வேண்டாம்.

ஐந்தாம் படி: நாட்டைத் தேர்ந்தெடுப்பது

ஆஸ்திரேலியா. 45 வயதுக்குள் அழைப்பு வர வேண்டும், குறைந்தது 65 புள்ளி வேண்டும். முதலில் தொழில் மதிப்பீடு. கைத்தொழில்கள் பெரும்பாலும் டி.ஆர்.ஏ. என்ற அமைப்பிடம் போகும், பொறியாளர்களுக்கு எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா, தாதியருக்கு அன்மாக். அதன் பிறகு ஸ்கில்செலக்ட் தளத்தில் விருப்பத்தைப் பதிந்து அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். அழைப்பு வந்தால் 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

என் மைத்துனரின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். வயது 31, அதற்கு 30 புள்ளி. தொழிற்சான்றிதழ் 10. ஆங்கிலம் 7 வாங்கினால் 10. மனைவி ஆங்கிலத்தில் 6 வாங்கினால் 5. ஆக 55. கடந்த 10 வருடத்தில் 8 வருட அனுபவத்தைக் காட்ட முடிந்திருந்தால் 15 சேர்ந்து 70. அவரால் காட்ட முடிந்த 4 வருடத்துக்கு 5தான், மொத்தம் 60. மதிப்பீட்டில் எதையும் கழிக்காவிட்டால்கூட 189 என்ற நேரடி பி.ஆர். விசாவுக்கு வாசல் மூடிவிட்டது. குத்தகைக்காரர் கட்டாமல் விட்ட இ.பி.எஃப். இத்தனை தூரம் வந்து அடிக்கும் என்று யார் நினைத்தார்கள்?

ஆனால் வேறு வாசல்கள் உண்டு. மாநிலம் பரிந்துரைக்கும் 190 விசாவுக்கு 5 புள்ளி கூடும். சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் ஆகிய பெருநகரங்களுக்கு வெளியே உள்ள வட்டாரங்களுக்கான 491 விசாவுக்கு 15 கூடும். 491 என்பது 5 வருடத் தற்காலிக விசா. வட்டாரத்தில் 3 வருடம் வாழ்ந்து வேலை செய்து, நிபந்தனைகளை நிறைவேற்றினால் 191 விசா வழியாக பி.ஆர். கேட்கலாம். 65 எடுத்தவுடன் அழைப்பு வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அது விண்ணப்பிக்கும் தகுதிதான், அழைப்பு அதிகப் புள்ளி உள்ளவர்களுக்கே முதலில் போகும். முதலாளி ஒருவர் கிடைத்தால் இன்னொரு வழி திறக்கும். 2024 டிசம்பரில் வந்த புதிய 482 விசாவில் போய், முதலாளியின் கீழ் 2 வருடம் வேலை செய்த பிறகு அவர் பரிந்துரைத்தால் 186 விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆலையில் வேலை தெரிந்த கைகளுக்கு இந்த வழிதான் அதிகம் பொருந்தும் என்பது என் கருத்து.

நியூசிலாந்து. இங்கே வேலை கிடைப்பதுதான் முதல் படி, அதுவும் அந்நாட்டுக் குடிநுழைவுத் துறை அங்கீகரித்த முதலாளியிடம். 55 வயது வரை விண்ணப்பிக்கலாம் என்பதால் நாற்பதைத் தாண்டியவர்கள் முதலில் பார்க்க வேண்டிய நாடு இதுதான். ஆள் பற்றாக்குறையுள்ள தொழில்களுக்கு 'பச்சைப் பட்டியல்' என்று ஒன்று இருக்கிறது. அதன் முதல் அடுக்கில் உள்ளவர்கள், பதிவுபெற்ற தாதியர் போல, வேலை கிடைத்ததும் வசிப்பிட உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டாம் அடுக்கில் இருப்பவர்கள் 24 மாதம் அங்கே வேலை செய்த பிறகு விண்ணப்பிக்கலாம். 2025இல் வெல்டர், ஃபிட்டர் போன்ற தொழில்களை இரண்டாம் அடுக்கில் சேர்த்தார்கள். பட்டியலில் இல்லாதவர்களுக்கு 6 புள்ளி முறை உண்டு. பட்டதாரிக்கு 3 புள்ளி, நியூசிலாந்தில் வேலை செய்யும் ஒவ்வொரு வருடத்துக்கும் 1 புள்ளி என்று சேர்த்து 6 ஆக வேண்டும். 2025 செப்டம்பரில், கைத்தொழிலாளருக்கென்றே புதிய வழி ஒன்றை 2026 ஆகஸ்டில் திறக்கப்போவதாகவும் அந்த அரசாங்கம் அறிவித்தது. அந்நாட்டு அளவில் நான்காம் நிலைச் சான்றிதழும் அதன் பிறகான அனுபவமும் உள்ளவர்களுக்கானது அது. எஸ்.கே.எம். வாங்குங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

கனடா. 2015இல் தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், பட்டமும் நல்ல ஆங்கிலமும் உள்ள இளையவர்களுக்கே வாய்ப்பு அதிகம். திறன் தொழிலாளர் பிரிவுக்கு 100க்கு 67 வேண்டும், ஐ.இ.எல்.டி.எஸ். நான்கிலும் 6 வேண்டும். அதைத் தாண்டிய பிறகு 1,200 புள்ளிக்கான தரவரிசையில் போட்டி. கைத்தொழில் பிரிவுக்கு ஆங்கில வரம்பு குறைவு, ஆனால் கனடா வேலை வாய்ப்போ மாநிலத் தொழிற்சான்றிதழோ கையில் இருக்க வேண்டும். வேலை வாய்ப்புக் கடிதத்துக்குத் தரவரிசையில் கொடுத்துவந்த கூடுதல் புள்ளியை 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். இன்னும் அந்தப் புள்ளியைக் காட்டிக் கடிதம் விற்கிறவர் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சிங்கப்பூர். ஜொகூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதுதான் கிட்டம். வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் தாமாக பி.ஆர். விண்ணப்பிக்க முடியாது, அதைவிட மேல்நிலை வேலை அனுமதியான எஸ் பாஸ் அல்லது எம்ப்ளாய்மென்ட் பாஸ் வேண்டும். மகனுக்கும் பி.ஆர். எடுத்தால் அவனுக்குத் தேசிய சேவைக் கடமை வரும். வீட்டில் அம்மா, அப்பா, பையன் மூவரும் உட்கார்ந்து பேசிய பிறகே அதற்குக் கையெழுத்திடுங்கள்.

ஏஜெண்டும் பழம் பறிக்கும் வேலையும்

நம் தாத்தா பாட்டிகள் கங்காணியின் வாய்ச்சொல்லை நம்பி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்கள். விசாரித்துப் பார்க்க அவர்களுக்கு வழி இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. ஆஸ்திரேலிய ஏஜெண்ட் என்றால் ஓமாரா பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கனடா என்றால் சி.ஐ.சி.சி., நியூசிலாந்து என்றால் ஐ.ஏ.ஏ. மூன்று பதிவேடுகளையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எண் கேட்டால் மழுப்புகிறவரிடம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூடக் கொடுக்காதீர்கள். கனடாவில் வேலைக் கடிதத்தை விலைக்கு விற்பதே சட்டவிரோதம். என் குடும்பத்திலேயே ஒருவர் 8,000 வெள்ளி கட்டி, கடைசியில் அவர் கையில் மிஞ்சியது ஒரு சுற்றுப்பயண விசா.

அந்தச் சுற்றுப்பயண விசாவில்தான் பெரிய ஆபத்து. "ஆஸ்திரேலியாவுக்கு இ.டி.ஏ. சுற்றுப்பயண அனுமதியில் போய்ப் பழம் பறி, அங்கேயே அடைக்கல விசா போட்டுக்கொள்ளலாம்" என்று ஆசை காட்டுவார்கள். அடைக்கலம் என்பது உயிருக்கு ஆபத்து உள்ளவர்களுக்கு. அந்த விண்ணப்பம் தள்ளுபடியானால், அங்கிருந்தபடி வேறு விசா கேட்பதற்குப் பெரும்பாலும் தடை வரும். 28 நாளுக்கு மேல் விசா இல்லாமல் தங்கினால் பல தற்காலிக விசாக்களுக்கு 3 வருடத் தடை. பொய்த் தாள் கொடுத்துப் பிடிபட்டால் ஆஸ்திரேலியாவில் 3 வருடம், கனடாவில் 5 வருடம் தடை. நல்ல வெல்டர் பையன்கள் சிலர் இப்படித் தங்கள் வழியைத் தாங்களே அடைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அந்த வேதனை இன்னும் போகவில்லை.

பணமும் வீடும்

ஆஸ்திரேலியாவின் 189 விசாக் கட்டணம் 2024-25இல் முதன்மை விண்ணப்பதாரருக்கு மட்டும் 4,765 ஆஸ்திரேலிய டாலர், அதாவது 13,000 வெள்ளிக்கு மேல். மனைவி, பிள்ளைகளுக்குத் தனி. கனடாவில் 2024 ஏப்ரலில் அது பெரியவர் ஒருவருக்கு 1,525 கனடிய டாலர் ஆனது. அதோடு, வேலை கையில் இல்லாமல் போகிறவர் வங்கியில் பணம் காட்ட வேண்டும். 4 பேர் குடும்பத்துக்கு 2024இல் 27,297 கனடிய டாலர். இந்தத் தொகைகள் அவ்வப்போது ஏறும்.

தோட்ட வீட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வேலையோடு சேர்ந்த வீடு, வேலை போனால் போய்விடும். அம்மா அப்பா அங்கேதான் இருக்கிறார்கள் என்றால், ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன் அவர்களுக்கு இடம் பார்த்துவிடுங்கள். முதலில் நீங்கள் மட்டும் போய், ஆறு மாதம் கழித்து மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொள்வது செலவையும் மனச்சுமையையும் குறைக்கும். ஆனால் உடன் வராத மனைவி பிள்ளைகளின் பெயரையும் விண்ணப்பத்தில் கட்டாயம் சொல்லியிருக்க வேண்டும். மறைத்தால் பிற்பாடு அவர்களை அழைக்க முடியாமல் போகலாம்.

விண்ணப்பித்த பிறகு

மலாய் மொழியில் உள்ள சான்றிதழ்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் சான்று வாங்க வேண்டும். மலேசிய மொழிபெயர்ப்பு, நூல் நிறுவனமான ஐ.டி.பி.எம். இந்தச் சேவையைச் செய்கிறது. நன்னடத்தைச் சான்றிதழை வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவிடம் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். சிங்கப்பூரில் சில வருடம் வேலை செய்திருந்தால் அங்கிருந்தும் ஒன்று தேவைப்படும். மருத்துவப் பரிசோதனைக்கு அந்தந்த நாடு நியமித்த டாக்டரிடம்தான் போக வேண்டும். நெஞ்சில் பழைய காசநோய்த் தழும்பு இருந்தால் கூடுதல் பரிசோதனை கேட்பார்கள், காலம் இழுக்கும். சிகிச்சை முடித்த தாளை மறக்காமல் கொண்டுபோங்கள்.

விசா வந்ததும் அதில் முதல் நுழைவுக்குக் கடைசித் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். கனடா பி.ஆர். நிலைக்க 5 வருடத்தில் 730 நாள் அங்கே இருக்க வேண்டும். ஆஸ்திரேலிய பி.ஆர். விசாவில் வெளியே போய்வரும் அனுமதி 5 வருடத்துக்குத்தான். அதற்குப் பிறகு தீமிதிக்கோ தீபாவளிக்கோ ஊருக்கு வர நினைத்தால், திரும்பி நுழையும் விசாவைப் புறப்படும் முன்பே எடுத்துவிடுங்கள். மலேசியக் கடப்பிதழைப் புதுப்பித்தால் புதிய எண்ணை அந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையிடம் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் கே.எல்.ஐ.ஏ. விமான நிலையச் செக்-இன் முகப்பில் உங்கள் விசா திரையில் வராது.